அப்பா சொல்லாத சுருதி

தம்பி வெண்டலின் டையைச் சரிசெய்துகொண்டிருந்த ஆர்னெட்டாவுக்கு அழுகை வரவில்லை. சர்ச்சின் முன்வரிசைக்கு எதிரே, திறந்த சவப்பெட்டிக்குள், மேடைக்குப் போடும் நீலக் கோட்டோடு அப்பா லூஷியஸ் பெட்டிஃபோர்ட் படுத்திருந்தார்.

"அந்தப் பாட்டத்தான் கேப்பாங்க அக்கா."

"தெரியும்டா. தொண்டை கிழிஞ்சு நிக்கப் போறேன். டெட்ராய்ட்டே வேடிக்கை பாக்கட்டும்."

பதினேழு வயதில் பாடியது. அந்த ஒரே பாட்டுதான் அவளையும் இரண்டு தம்பிகளையும் இதே சர்ச்சிலிருந்து டெலிவிஷனுக்குக் கொண்டுபோனது. ஒரே நிறத்தில் உடை, ஒன்றாக எடுத்து வைக்கும் இடக்கால், எல்லாவற்றுக்கும் மேலே அவள் குரல். பிறகு ரேடியோ அவர்களை மறந்தது; அப்பா மறக்கவில்லை. கண்காட்சி, சூதாட்ட விடுதி, சுற்றுலாக் கப்பல் என்று நாற்பது வருடம் இழுத்துக்கொண்டு அலைந்தார். அவள் குரலுக்கு வயதான பிறகும் சுருதியை மட்டும் இம்மி இறக்க விடவில்லை. "ரெக்கார்டுல எப்படியோ, மேடையிலயும் அப்படித்தான்" என்பார். அவள் இருமினால் ஓடிப்போய்த் தேன் வாங்கி வருவார். மேடையேறும் முன் பயத்தில் அவள் வாந்தி எடுப்பது மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை.

போதகர் அழைத்தார். மூவரும் பெட்டியருகே போய் நின்றார்கள். ஆர்கன் வாசிக்கும் டெல்ஃபீன் சர்ச்சுக்குப் புதியவள்.

"எந்தச் சுருதி, அக்கா?"

மூவரும் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் களுக்கென்று சிரித்தது சின்னவன் கிளியோட்டிஸ்தான். கையிலிருந்த காகித விசிறியால் வாயை மறைத்தான். வெண்டலுக்குத் தோள் குலுங்கியது. ஆர்னெட்டா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிங்க புள்ளைங்களா!" என்று முன்வரிசைக் கிழவி ஒருத்தி குரல் கொடுத்தாள். "இருந்தவரைக்கும் எங்க விட்டாரு அந்த மனுஷன்!"

"ஆமென்!" என்றது பின்வரிசை.

ஆர்னெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இறக்கும்மா."

"எவ்வளவு, அக்கா?"

"இறக்கிக்கிட்டே வா. நான் சொல்றேன்."

டெல்ஃபீன் ஒவ்வொரு படியாகச் சுருதியை இறக்கினாள்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... அங்கதான். நிறுத்து."

பாட ஆரம்பித்தபோது அவள் கழுத்து நரம்பு புடைக்கவில்லை.

பல்லவி வந்ததும் தம்பிகளின் இடக்கால் பழக்கத்தில் ஒன்றாக நகர்ந்தது. ஆர்னெட்டா நின்ற இடத்திலேயே நின்று பாடினாள்.