மீதி ஐந்து படம்

ஜெசிந்தாவின் பழைய கேமரா ஏழாவது படத்தோடு மக்கர் பண்ணிவிட்டது. பன்னிரண்டு படம் பிடிக்கும் அகல ஃபிலிம் ரோல். சுற்றும் குமிழ் அசையவே மாட்டேன் என்றது. விழுப்புரத்தில் பழுது பார்ப்பவர், ரோலை இருட்டில் எடுத்துவிட்டுக் கேமராவை மட்டும் கொண்டு வரச் சொன்னார். அவர் வெளிச்சத்தில்தான் பிரிப்பாராம்.

அந்த ஏழாவதில்தான் அவள் உயிரே இருந்தது. முன்பல் இரண்டும் போனதிலிருந்து அப்பா இருதயராஜ் கேமராவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வார். அன்று கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி, தான் சொன்ன கதைக்குத் தானே சிரித்தார். இவள் அமுக்கிவிட்டாள். திண்டிவனம் வந்து சேரும்வரை திட்டு.

குளியலறை ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குத் துண்டு. ரோலை அப்படியே முன்பக்கமாகச் சுற்றி முடித்தால் வேலை சுலபம், ஆனால் எடுக்காத ஐந்தும் வீண். இலையில் ஒரு பருக்கை விடாத அப்பா அதற்குச் சம்மதிப்பாரா? பின்பக்கமாகச் சுற்றி மிச்சம் பிடிக்கச் சொன்னார். பிடி தளர்ந்தால் சுருள் விரிந்துவிடும், ரப்பர் பேண்ட் போட இன்னொரு கை வேண்டும். அவரும் உள்ளே வந்தார். ஃபோன் இருக்கிறதா என்று கேட்டாள். சட்டையையே கழற்றி மாட்டிவிட்டேன் என்றார்.

லுங்கிக்குள் போட்டிருந்த டவுசர் பையை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

பாதிச் சுருளில் ஃபோன் அடித்தது. லுங்கி நீலமாக வெளிச்சம் விட்டது. ஜெசிந்தா சுருளை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் தண்ணீர் தளும்பியது. மறுபடி கும்மிருட்டு.

"அப்பா, ஃபோன பக்கெட்லயா போட்டீங்க?"

"போனா போவுது. அந்தச் சிரிப்ப எங்க போய் வாங்கிக்கினு வர்றது? நீ ஜல்தியா சுத்து."

அவர் பிடித்துக்கொள்ள, அவள் ரப்பர் பேண்டைப் போட்டாள்.

கேமரா சரியாகி வந்ததும் ரோலை மறுபடி மாட்டி, லென்ஸை மூடியபடி ஏழு படத்தைத் தள்ளினாள். மூடியைக் கழற்றி நிமிர்ந்தால், எதிரே அப்பா தலை வாரிக்கொண்டு நிற்கிறார்.

கழுவி வந்த ரோலில் ஏழாவதன் ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. சிரிப்புக்கு ஒரு குறையும் இல்லை. மீதி ஐந்திலும் அவர்தான், வாயைத் திறந்துகொண்டு.