மீசாலையில் கேட்காமல் விட்ட பெயர்

மன்னாரில் உள்ள மடுமாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் பாசையூரிலிருந்து முப்பத்திரண்டு பேர் நடந்து புறப்பட்டார்கள். எல்லாருக்கும் பின்னால் யோசப்பின் வந்துகொண்டிருந்தாள். வயது ஐம்பத்தாறு. இத்தனை வருடமும் மடுவுக்கு பஸ்ஸில் போய்வந்தவள். இம்முறை நடக்கப்போகிறேன் என்று சொன்னபோது பங்குக் கோயிலில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நவற்குழிப் பாலம் தாண்டியதுமே குதிக்காலில் கொப்புளம் போட்டது. மீசாலைக்கு வரும்போது அது உடைந்து செருப்பெல்லாம் பிசுபிசுத்தது. முன்னால் போனவர்களின் செபமாலைச் சத்தம் தேய்ந்து இல்லாமலே போயிற்று. பின்னால் மட்டும் இருமல் கேட்டது.

சின்னப் பிள்ளையின் இருமல். பாலத்தடியிலிருந்து கூடவே வருகிறது. திரும்பினால் வெறும் தார்வீதிதான் கிடக்கும் என்று தெரிந்தும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது இதே வீதியால்தான் அவளும் புருஷன் யாகப்புவும் நடந்தார்கள். இரண்டு வயது மகள் காய்ச்சலோடு அவள் தோளில் கிடந்தாள். மழை. மீசாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் எங்கேயோ பிள்ளை இருமுவதை நிறுத்தியது. நித்திரையாகிவிட்டாள் என்றுதான் யோசப்பின் நினைத்தாள். பிறகு ஆரோ ஒரு வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். அவரும் யாகப்புவும் தென்னைகளுக்கு நடுவில் குழி தோண்டினார்கள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஊர் திரும்பிய பிறகு யாகப்பு அந்தக் கதையை எடுக்கவேயில்லை, அவளும் கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னர் அவர் கடலில் இறந்துபோனதோடு, அவளுக்கு இடத்தைக் காட்டக்கூடிய ஒரே ஆளும் இல்லாமல் போய்விட்டது.

“மடுவுக்கோ அம்மா? கால் இழுபடுது, உள்ளுக்கு வாங்கோ.”

வீதியோர வீட்டின் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். நெற்றி நிறையத் திருநீறு. பெயர் குணலட்சுமி என்றாள். யோசப்பினைக் கதிரையில் இருத்தி, பேசினில் உப்புப்போட்ட இளஞ்சுடுதண்ணீர் கொண்டுவந்து, அவளுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

“ஐயோ, என்ரை காலைத் தொடாதேங்கோ.”

“அதுக்கென்ன? பேசாமல் இருங்கோ.”

பழைய நூல்சேலையொன்றைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். அவள் புருஷன் நாகலிங்கம், எழுபதைத் தாண்டியவர், பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கும்போதுதான் யோசப்பினின் கண் வளவின் பின்பக்கம் போனது. தென்னைகளுக்கு நடுவே நாலு கல் நட்ட ஒரு துண்டு மண். மேலே ஒரு விளக்கு, காய்ந்த வாழையிலை.

“அது ஆர்?”

“தெரியாதம்மா,” என்றார் நாகலிங்கம். “இடம்பெயர்ந்து வந்த சனம் புதைச்சது. நான்தான் கிடங்கு வெட்டிக் குடுத்தனான். போன கிழமை ஆடி அமாவாசைக்குப் படைச்சம்.”

யோசப்பின் கோப்பையைக் கீழே வைத்தாள். “பிள்ளையோ?”

“இல்லை. வயசுபோன மனிசன். கதிரையிலை வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தவை. திரும்பி வாறம் எண்டவை, வரேல்லை. அந்த அவதியிலை நான் பேரைக் கேக்கேல்லை. ஒவ்வொரு வருசமும் பேரில்லாமல்தான் தண்ணி விடுறன். அதுதான் என்னைப் படுக்கவிடாது,” என்றார்.

தன் பிள்ளை கிடக்கவேண்டிய இடத்தில் ஆரோ ஒரு கிழவன் கிடப்பதுபோல யோசப்பினுக்குக் கோபம் வந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு அவள் அழத்தொடங்கினாள். இருபத்தொன்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத இந்த இரண்டு பேருக்கும் சொன்னாள். மண்வெட்டியோடு வந்த மனிதரின் முகம்கூட மறந்துவிட்டது என்றாள்.

நாகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளையின்ரை பேர் என்ன?”

அந்தப் பெயர் வாய்க்கு வர நேரம் எடுத்தது. “ஜெனிற்றா.”

“ஜெனிற்றா,” என்று அவரும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். “வாற அமாவாசைக்கு அவவுக்கும் ஒரு இலை போடுறன். உங்கடை சமயத்துக்குப் பிழையில்லையெண்டால்.”

“பிழையில்லை ஐயா.”

யோசப்பின் நொண்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய், பெயர் தெரியாத அந்தக் கிழவனுக்காக முழந்தாளிட்டு செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொன்னாள். வெளிக்கிடும்போது குணலட்சுமி அவளுடைய பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கொடிகாமம் மட்டும் நானும் வாறன்.”

இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு தென்னங்காணி வந்தது. யோசப்பின் நின்றாள். “இதாயிருக்குமோ?” குணலட்சுமியும் நின்று, பையை இறக்கிவைத்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. நடந்தார்கள். அடுத்த காணியிலும் நின்றார்கள், அதற்கு அடுத்ததிலும். ஒரு மணித்தியாலத்தில் போகவேண்டிய தூரத்துக்கு வெயில் சாயும்வரை எடுத்தது. ஒரு தடவைகூடக் குணலட்சுமி, பார்த்தது காணும், வாங்கோ என்று சொல்லவில்லை.