ஸ்வாமிநாதன் ஆற்றில் விட்ட மந்திரப் பெட்டி

'ஆறு காப்போம்' கமிட்டித் தலைவர் ஸ்வாமிநாதனைப் போல் கத்தக்கூடிய மனிதர் தாமிரபரணிக் கரையில் எந்த ஊரிலும் கிடையாது. ஆற்றில் ஷாம்பு கவரைப் போட்டால் கத்துவார், பழைய சாமி படத்தைப் போட்டாலும் கத்துவார். படித்துறையில் 'இவற்றை ஆற்றில் போடாதீர்' என்று பன்னிரண்டு சாமான்களைப் பெயின்ட்டில் எழுதி வைத்ததும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மந்திரப் பெட்டி மண்டையைப் போட்டது. பூஜை அறையில் பிளக்கில் சொருகிவிட்டால் நாளெல்லாம் 'ஓம் நமசிவாய' சொல்லுமே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. பதினோரு வருஷம் உழைத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை 'நம' என்றதோடு நின்றுவிட்டது.

"குப்பை வண்டியில போட்டேள்னா நான் பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்," என்றாள் அவர் மனைவி சீதாலக்ஷ்மி. "பகவான் நாமத்தைச் சொன்ன வாய் அது. ஆத்துல விட்டுட்டு வாங்கோ."

"ஆத்துலயா? உள்ள ஈயம் இருக்குடி. அந்த ஜலம்தான் நம்மாத்துக் குழாய்ல வரது."

"அப்போ நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ."

வழி தெரியவில்லை. மூன்று நாள் ரசத்தில் உப்பு இல்லை. நான்காம் நாள் ஸ்வாமிநாதன் தன் போர்டைத் தானே போய்ப் படித்தார். பன்னிரண்டு சாமானில் மந்திரப் பெட்டி இல்லை! சட்டத்தில் இடம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஊரே உண்டு கண்ணயரும் மதிய வேளையில், துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுபோய்ப் பெட்டியை ஆற்றில் விட்டார்.

"என்னத்த சாமி போட்டீய?"

பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர் இசக்கித்தாய் துடைப்பத்தோடு மேல்படியில் நின்றாள். போன மாசம் அவள் மாமனாரின் கருமாதி அன்று வேட்டியை ஆற்றில் விட்டதற்கு, ஊர் பார்க்க அவளை இறங்கி எடுக்க வைத்தவர் இவர்.

"ஒண்ணுமில்லம்மா… பூ."

"பூவு மெதக்கும்லா? இது டொபுக்குன்னுல்லா போச்சு."

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பெட்டி விஷயத்தை உளறிவிட்டார்.

"இம்புட்டுத்தானா? எங்கிட்டத் தந்தா குப்பையோடயா சேக்கப் போறோம்? கரண்டு சாமானுக்குத் தனி மூட்டை. திருநெல்வேலிக்குப் போவும். அங்கன பெட்டியப் பையப் பைய பிரிச்சு, செம்பத் தனியா எடுத்து உருக்குவாவ. வெசம் மண்ணுலயும் சேராது, தண்ணியிலயும் சேராது. இப்ப இறங்கி எடுங்க. என்னைய எடுக்கச் சொன்னீயல்லா?"

இறங்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். கையில் ஒரு பெட்டி அகப்பட்டது. ஆனால் அவருடையது வெள்ளை, இது பச்சை. மறுபடி முங்கினார். சிவப்பு, முருகன் படம் போட்டது. இன்னொரு முங்கில் இரண்டு. தண்ணீருக்கடியில் ஒரு பஜனை மடமே குடியிருந்தது. காலையில் குழாயில் பிடித்துக் குடித்த ரெண்டு சொம்புத் தண்ணீர் அவருக்கு ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டிச் செயலாளர் ஸ்ரீவிஷ்ணு படியிறங்கி வந்தான். "மாமா! இந்த வயசுல ஒத்தை ஆளா ஆத்தைச் சுத்தம் பண்றேளா! அப்படியே நில்லுங்கோ, குரூப்ல போடறேன்!"

ஸ்வாமிநாதனுக்குத் தப்பிக்க ராஜபாட்டையே திறந்துவிட்டது. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், நாளைக்குப் பொன்னாடை. இசக்கித்தாயைப் பார்த்தார். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லைடா. நான் போட்டதை நானே தேடிண்டிருக்கேன். போடறதுன்னா அதையும் சேர்த்து எழுதிப் போடு."

ஸ்ரீவிஷ்ணுவின் கண் படியில் வரிசையாக இருந்த பெட்டிகளின் மேல் போயிற்று. போனை மெதுவாகப் பைக்குள் வைத்தான். சட்டையைக் கழற்றினான்.

"சித்த தள்ளிக்கோங்கோ மாமா. அந்தப் பச்சை எங்களது. இன்னொண்ணும் விட்டிருக்கோம்."