மிச்சச் சோறு

நாகநாதனுக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் ஏழு டயட் பார்த்துவிட்டார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நெல் போடுகிறவர் அவர். செல்போனில் எவனோ சோறுதான் விஷம் என்று சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து அவர் தட்டில் சோறு கிடையாது. ஒரு தடவை முட்டையும் நெய்யும். ஒரு தடவை சுரைக்காய்ச் சாறு. அப்புறம் டப்பாவில் வந்த ஏதோ மாவு. எதுவும் இருபத்தைந்து நாளைத் தாண்டவில்லை. ஏதாவது கல்யாணப் பந்தியில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, "சரி, நாளையிலேர்ந்து வேற ஒண்ணு பாப்போம்" என்பார்.

சமைத்தது அவர் மனைவி அமிர்தம். அவருக்குத் தனி, கும்பகோணத்துக்கு வேலைக்குப் போகும் மகன் பிரபுவுக்குத் தனி. சோறு வடித்த பிறகுதான் நாகநாதன், "எனக்கு வேணாம்" என்பார். வீட்டு நெல், கொட்ட மனசு வராது. எல்லா வேலையும் முடிந்து மூன்றரை மணிக்கு, அடுப்படியில் நின்றபடியே அந்தச் சோற்றையெல்லாம் அமிர்தம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிடுவாள்.

சம்பா அறுவடை முடிந்த வாரம், வீடு வீடாகச் சுகர், பிரஷர் பார்க்கும் இசைவாணி வந்தாள். நாகநாதனுக்கு நூற்றுத் தொண்ணூறு.

"அக்கா, நீங்களும் விரலக் காட்டுங்க."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

மெஷினில் இருநூற்று எண்பத்தாறு வந்தது. இசைவாணி இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள். அதே அளவுதான்.

"இதுக்கு முன்னாடி எப்ப பாத்தீங்க?"

"பாத்ததில்ல."

"நேத்து மத்தியானம் எவ்வளவு சோறு சாப்ட்டீங்க?"

அமிர்தம் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "மிச்சம் இருந்த அளவு" என்றாள்.

திங்கட்கிழமை கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும், மாத்திரை வேண்டியிருக்கும் என்றாள் இசைவாணி. நாகநாதன் ஆறுதலாகத்தான் வாயைத் திறந்தார்.

"பயப்படாத அமிர்தம். புதுசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பதினெட்டு மணி நேரம் எதையும் சாப்பிடக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து இருப்போம்."

அமிர்தம் எழுந்துவிட்டாள்.

"பதினெட்டு மணி நேரமா? காலையில ஒரு டீயக் குடிச்சிட்டு மூணரை மணி வரைக்கும் நான் நின்னது உங்களுக்குத் தெரியலையா? டயட் இருந்தது நீங்க. நீங்க வேணாம்னு தள்ளுனதத் தின்னது நான். ஆறு வருஷமா ஆஸ்பத்திரிக்கு உங்க கூடவே வந்தேனே, இவளுக்கும் ஒரு தடவை பாருங்கன்னு சொல்லத் தோணுச்சா?"

இசைவாணி பையை எடுத்தாள்.

"நீ உக்காரு இசை. நீயும் கேளு. இனிமே இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே சமையல். சோறு கொஞ்சம், காயும் கீரையும் பருப்பும் நெறைய. ஒரு மணிக்கு நான் உக்காந்து சாப்பிடுவேன். காய நீங்க நறுக்கணும். இனிமே டயட்டுன்னு ஒரு வார்த்தை இங்க வரக் கூடாது."

நாகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். இரண்டு மணிக்குத் திரும்பியபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. அமிர்தம் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு முன்னால் அவள் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் தானே போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் அரிவாள்மணை முன்னால் வந்து உட்கார்ந்தார். கத்தரிக்காயைக் கட்டை கட்டையாக வெட்டினார். அவள் அதையே குழம்பில் போட்டாள். திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்து மாத்திரையும் ஆரம்பித்தாள். வடிக்கிற அரிசியை ஒரே நாளில் குறைக்காமல், வாரத்துக்கு ஒரு கைப்பிடியாகக் குறைத்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் வாய்க்கால் கரையோரம் நடந்தார்கள். முதல் மாதம் பேசிக்கொள்ளவே இல்லை.

சித்திரையில் ஒரு கல்யாணத்தில் நாகநாதன் வழக்கம்போல வளைத்துக் கட்டினார். மறுநாள் காலையில் முகம் தொங்கிக் கிடந்தது.

"எல்லாம் போச்சு. மறுபடி மொதல்லேர்ந்து..."

"ஒண்ணும் போவல. ஒரு வேளை கூடச் சாப்ட்டீங்க, அவ்வளவுதான். இந்தாங்க, வெண்டக்காய நறுக்குங்க."

ஆடி மாதம் இசைவாணி பார்த்தபோது, மாத்திரையோடு அவருக்கு நூற்று நாற்பது, அமிர்தத்துக்கு நூற்று ஐம்பத்தைந்து. நாகநாதனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"பாத்தியாம்மா, நாங்க எப்படி மாத்திக்கிட்டோம்!"

"நாங்களா?" என்றாள் அமிர்தம். இசைவாணி சிரித்தாள். அமிர்தம் சிரிக்கவில்லை. அந்த ஆறு வருஷம் நினைவுக்கு வந்தால் இன்னமும் அவளுக்கு நெஞ்சு கொதிக்கும். மணி ஒன்றாகியிருந்தது. தட்டை எடுத்து வைத்து முதலில் தனக்குப் போட்டுக்கொண்டாள்.