நடுக்கத்தை மறைத்தவர்

மலை மீட்புக் குழுவில் தொண்டராகச் சேர மூன்று வாய்ப்புதான். தையற்காரிக்கு அன்றைய பரீட்சை மூன்றாவது. முதல் இரண்டும் முடிச்சில் போயின. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பவளுக்குக் கயிறு மட்டும் மக்கர் பண்ணுகிறதே என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனாலும் கடையை அடைத்ததும் அவள் கட்டில் காலில் முடிச்சுப் போட்டுப் பழக, பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தவரும் அவர்தான். அவளுடைய தம்பி பள்ளத்தில் விழுந்தபோது முகம் தெரியாத ஆறு பேர் அவனைத் தூக்கிவந்து சேர்த்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றே.

பாறை விளிம்பில் கிடக்கும் ஆளை ஸ்ட்ரெச்சரில் கட்டி, நாற்பது நிமிடத்துக்குள் சாலையில் இறக்க வேண்டும். குழுவுக்கு அவள்தான் தலைமை. அடிபட்டவராக நடித்தவர் தபால்காரர். முனகலில் அவரை மிஞ்ச ஆளில்லை. கால் முறிந்துவிட்டது, மனைவியிடம் சொல்லிவிடுங்கள், சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று புலம்பித் தள்ளினார். கயிறு பிடித்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

முடிச்சுகள் இந்த முறை சொன்னபடி கேட்டன. கடவுளே, இப்படியே கொண்டுபோய் விடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாதிச் சரிவில் முனகல் நின்றது. மயங்கியதுபோல் நடிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பரீட்சை நடத்திய ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரிகூட, நடிப்பு பிரமாதம் என்று தலையாட்டினார். தலைமாட்டில் நடந்த தையற்காரி குனிந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. தாடை இறுகியிருந்தது. நடிக்கிறவர் நடுக்கத்தைக் காட்டுவார். இவரோ பல்லைக் கடித்து மறைக்கிறார்.

"அண்ணே, நடிக்காதீங்க. உண்மையைச் சொல்லுங்க, குளிருதா?"

"நீ போம்மா... இன்னும் கொஞ்ச தூரந்தானே." நாக்கு குழறியது.

கடிகாரத்தில் பதினேழு நிமிடம் மிச்சம். பாதியில் நிறுத்தினால் பரீட்சை போயிற்று. அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இவருக்கு நிஜமாவே முடியல."

கட்டை அவிழ்த்துப் பார்த்தால் முதுகெல்லாம் ஈரம். ஒரு மணி நேரமாக அவர் காத்துக் கிடந்த பாறையில் ஊற்று கசிந்திருக்கிறது. எழுந்து சொன்னால் பரீட்சையைத் தள்ளிவைத்துவிடுவார்களோ, அந்தப் பெண்ணுக்கு இதுதானே கடைசி என்று மனிதர் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். உலர்ந்த சட்டை மாட்டி, கம்பளியில் சுற்றி, கீழே சாலையில் நின்ற ஜீப்புக்குத் தூக்கிப்போய் உட்காரவைத்துச் சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். இப்படியா செய்வது என்று திட்டிக்கொண்டே அவர் கைகளைத் தேய்த்துவிட்டாள் தையற்காரி. திட்டும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. முடிவை அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அதிகாரி தன் குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு அதை மூடினார்.

"நான் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது, அதுக்கு நீங்க தோத்துப்போகக் கூடாது. ஆள்தானே வேணும்? நான் படுத்துக்கறேன். முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

மறுபடி மேலே ஏறினார்கள். அவர் படுக்கப்போன இடத்தை அவள் முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு விரிப்பைப் போட்டுவிட்டு, "இப்ப படுங்க சார்" என்றாள்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் சாலையைத் தொட்டது. படுத்தபடியே அதிகாரி கை நீட்டி அவள் கையைக் குலுக்கினார். ஜீப்பிலிருந்து, கம்பளிக்குள்ளிருந்து, தபால்காரர் குரல் கொடுத்தார்:

"பாஸ் போடுங்க, சரி. ஆனா சார், உங்களுக்கு முனகவே வரலையே."