அப்பா போகாத பாதை

சிவப்பு வயரின் தோலைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டு டீகன் மணி பார்த்தாள். எட்டேகால். பதினோரு மணிக்கு அப்பாவை எடுக்கிறார்கள். துக்கத்துக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த கறுப்புக் கால்சட்டையோடு ஷெட்டின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, அவருடைய பெரிய பைக்கின் சீட்டைக் கழற்றிப் போட்டு, வயர்களுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வேலையை அவளிடம் யாரும் இன்றைக்குச் செய்யச் சொல்லவில்லை. மார்ச் மாதம் அப்பா சொன்னார். வழி சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். ஹெல்மெட்டுக்குள் காது மெஷின் போட்டால் அது கீச்சிடுகிறது, போடாவிட்டால் பெட்டி பேசுவது கேட்பதில்லை, அதனால் பைக்கின் பாட்டு ஸ்பீக்கரோடு பெட்டியைச் சேர்த்துக் கொடு என்றார். "அடுத்த வாரம்பா" என்றாள். ஏப்ரலில் இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார். அப்போதும் அதே பதில்தான். கோதுமை விளையும் விம்மெரா வட்டாரத்தில் பாதி டிராக்டர்களின் வயர் அவள் கை பட்டது. மே மாதம் விதைப்புக் காலம், ஆளுக்கு ஆள் போன் செய்து உயிரை வாங்குவார்கள். ஒரு மணி நேர வேலையை அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, நர்ஸ் வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் அப்பா ராஸ் டன்னிகிளிஃப் போய்ச் சேர்ந்தார்.

சொன்ன வேலையை முடிக்காமல் அவரைப் புதைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். கல்லறை நாலு கிலோமீட்டரில் இருக்கிறது, அதற்கு வழி சொல்ல ஒரு பெட்டி தேவையே இல்லை.

கடைசி முனையைப் பற்றவைத்து எஞ்சினைக் கிளப்பினாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக அதுவும் கூடவே ஏறியது.

"என்னடி அது, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி?" அம்மா இரண்டு கோப்பை டீயோடு வாசலில் நின்றாள். கடைசி ஒரு மாதம் அப்பாவைத் தூக்கி இறக்கியதில் ஒரு தோள் சற்றுத் தாழ்ந்தே நின்றுவிட்டது.

"எர்த் தப்பு. கரண்டையும் சத்தத்தையும் ரெண்டு வழியா ஒரே பாட்டரியில கொண்டு போய்ச் சேர்த்துட்டேன்."

"உனக்கா தெரியாது?"

"தெரியும். தூங்கி நாலு நாள் ஆச்சும்மா."

வேலை பழக வருகிறவர்கள் செய்திருந்தால் அவளே கத்தியிருப்பாள். பெட்டிக்குப் போகும் சார்ஜ் வயரைப் பிடுங்கினாள். ரீங்காரம் நின்றது. பெட்டியின் சொந்தச் சார்ஜில் இரண்டு மணி நேரம் ஓடும், போதும்.

சோதித்துப் பார்க்கத் திரையைத் தொட்டாள். சேமித்து வைத்த பாதை ஒன்றே ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும் ஒரு பெண் குரல் ஷெட் முழுக்க நிறைந்து, வடக்கே திரும்பிப் பதினெட்டு கிலோமீட்டர் போகச் சொன்னது.

"இது எங்கம்மா?"

அம்மா டீயைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "கீரன் வீடு."

கீரன் அவளுடைய அண்ணன். ஒன்பது வருடத்துக்கு முன் அவனுடைய நண்பன் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து செத்தான். அடக்கத்தன்றே கீரன் தன் பைக்கை விற்றான். எல்லோர் முன்னாலும் அப்பா அவனைக் கோழை என்றார். அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. வடக்கே எங்கோ நிலம் வாங்கிப் போனான். செவ்வாய்க்கிழமை டீகன் போன் செய்தபோது, "விதைப்பு நடக்குது, வர முடியாது" என்று வைத்துவிட்டான்.

"அப்பாக்கு அட்ரஸ் எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன். கிறிஸ்துமஸ் கார்டு வந்துச்சுல்ல, அந்தக் கவர். ஒரு வார்த்தை பேசாம பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு. மறுவாரம் இந்தப் பெட்டி வாங்கியாச்சு."

"அப்ப போயிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் மண் ரோடெல்லாம் ஒரே மாதிரி, போர்டும் கிடையாது. வழி தப்பினா யாரையாவது நிறுத்தி, என் மகன் வீடு எதுன்னு கேக்கணும். அந்த மனுஷன் கேப்பாரா? அங்க அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். பெட்டி காதுல விழற மாதிரி பேசட்டும், போறேன்னாரு."

டீகன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று முறை கேட்டிருக்கிறார். ஒரு மணி நேர வேலை.

"உன்னைச் சொல்லல" என்றாள் அம்மா.

"சொல்லேன்மா. திட்டேன்."

"திட்டத் தெம்பு இல்லடி. டீயைக் குடி, ஆறுது."

டீகன் குடித்தாள். பிறகு சீட்டை மாட்டினாள். திரையில் இருந்த பாதையை அவள் அழிக்கவில்லை.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவள் நோரீன். ஊர் மண்டபத்தின் வாசலில், காலையில் கழுவித் துடைத்த கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே அப்பா இருந்தார்.

"நோரீன், கொஞ்சம் சுத்திப் போறோம்."

"கொஞ்சம்னா?"

"நாப்பது நிமிஷம். பாதிக்கு மேல மண் ரோடு."

நோரீன் பளபளக்கும் வண்டியைப் பார்த்தாள், டீகனைப் பார்த்தாள். "உங்கப்பன் உயிரோட இருந்தப்பவும் நேர் வழியில போனதே இல்ல. ஓட்டு."

டீகன் அப்பாவின் பைக்கில் முன்னால் போனாள். பின் சீட்டில் அம்மா, பூப்போட்ட கவுனின் மேல் அப்பாவின் தோல் ஜாக்கெட்டோடு. அடுத்துக் கறுப்பு வண்டி, அதற்குப் பின்னால் அப்பாவின் பைக் கிளப்பின் முப்பத்தி நாலு பைக். கிளப் சேர்ந்து எங்கே போனாலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் இறங்கி நின்று, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டிருப்பார். வரிசையின் வாலில் ஆரஞ்சுச் சட்டையோடு வரும் பார்னி தன்னைத் தாண்டும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மழையானாலும் வெயிலானாலும் நகரக் கூடாது. முப்பது வருடத்தில் பார்னி யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் எட்டு ஊருக்குக் கேட்பதுபோல் பேசிக்கொண்டு வந்தது. இடது பக்கம் திரும்பவும். ஆறு கிலோமீட்டர் நேராகப் போகவும். விதைத்துக்கொண்டிருந்த ஒருவர் டிராக்டரை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று டீகனுக்கு எரிச்சலாக வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஒரு நாற்சந்தியை ஒட்டி, மூடிக் கிடந்த இரும்புக் கேட்டின் முன்னால் குரல், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.

டீகன் நிறுத்தினாள். கறுப்பு வண்டி மேலெல்லாம் செம்மண்ணோடு பின்னால் வந்து நின்றது. கேட்டிலிருந்து வீடு கூப்பிடு தூரம். முற்றத்தில் டிராக்டர் விதைப்புக் கருவியோடு சும்மா நின்றது. இன்றைக்கு அங்கே யாரும் எதையும் விதைக்கவில்லை. வாசற்படியில் ஒரு நாய் எழுந்து குரைத்தது. அதை அதட்ட ஒருவரும் வெளியே வரவில்லை.

முப்பத்தி நாலு எஞ்சின்களும் உறுமிக்கொண்டே நின்றன. இரண்டு நிமிடம் ஆனது, மூன்று ஆனது. டீகன் கேட்டைத் திறக்க இறங்கப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்தாள்.

"வேணாம். உள்ள போனா இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்."

பிறகு அம்மாவே மெல்ல ஒரு காலை எடுத்து, இன்னொரு காலை எடுத்துப் பைக்கை விட்டு இறங்கினாள். சந்தி முனையில், கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். கல்லறை இருக்கும் பக்கம் கையை நீட்டினாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"இது திருப்பம்தானே. யாராச்சும் நிக்கணும்ல."

"வேற யாரையாச்சும் நிறுத்தலாம். நீ இல்லாம எப்படி..."

"நான் இல்லாம அவரை இறக்கிடுவாங்களா? நீ போடி. பார்னி வருவான்ல."

டீகன் கிளம்பினாள். வரிசை ஒவ்வொன்றாக அம்மாவைத் தாண்டியது. கண்ணாடியில் கடைசியாக ஆரஞ்சுச் சட்டை அவள் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. இன்னும் ஒருவன் வர வேண்டும் என்பதுபோல் அம்மா தலையை ஆட்டினாள். பார்னி எஞ்சினை அணைத்துவிட்டான்.

கல்லறையில் குழி தயாராக இருந்தது. நோரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணிக்கு இங்க இன்னொரு குடும்பம் வருது, டீகன்."

"வால் இன்னும் வரல."

அதற்கு மேல் நோரீன் கேட்கவில்லை. கிளப்காரர்களும் கேட்கவில்லை. யாரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவரவர் வண்டிப் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவர் சிகரெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். இருபது நிமிடம் ஆனது. பெட்டியின் திரை சார்ஜ் தீர்ந்து அணைந்தது. கீரன் வரவில்லை என்றால் அம்மா இருட்டும் வரை அப்படியே நிற்பாள் என்று டீகனுக்குத் தெரியும். இருட்டினால் பார்னியும் நிற்பான். இரண்டு பேருக்கும் எழுபது வயது ஆகப்போகிறது. அவளுக்கு அண்ணன் மேல் கோபமாக வந்தது, அப்பா மேலும் வந்தது, தன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வடக்கே புழுதி கிளம்பியது.

முதலில் வந்தது பைக் இல்லை. விதை மூட்டைகளின் தூசி படிந்த, பின்பக்கம் சாமான் ஏற்றும் ஒரு வெள்ளை யூட் வண்டி. முன் சீட்டில் அம்மா வலது கையை இடது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டியவன் வேலைச் சட்டையில் இருந்தான், முகம் மழித்து ஒரு வாரம் இருக்கும். யாரையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எஞ்சினையும் அணைக்கவில்லை.

அதற்குப் பின்னால் திருப்பங்களில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக வர, கடைசியாக ஆரஞ்சுச் சட்டை வந்து நின்றது. பார்னி திரும்பி, வெறும் ரோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று கட்டை விரலை உயர்த்தினான். முப்பத்தி மூன்று பேரும் ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.