குண்டு எலிகளின் துத்தநாகம்

என் தம்பிக்கு எலிகள் என்றால் உயிர். எல்லா எலிகளும் இல்லை, கொழுப்புத் தீனியைத் தின்று தின்று உருண்டையாகிப்போன எலிகள் மட்டும். சாதாரணத் தீனி தின்ற ஒல்லிகளை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் ஆராய்ச்சியே அந்தக் குண்டர்களைப் பற்றியதுதான். தின்று கொழுத்த உடம்பில், ஈரலில் இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் எவ்வளவு இருக்கின்றன? துளியூண்டுதான் இருக்கும். ஆனால் கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. அந்தத் துளியை அளக்கும் மெஷின் என் பொறுப்பில். அக்காவும் தம்பியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டுவது சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

"குண்டனுங்கள நான் பாத்துக்கறேன்க்கா. ஒல்லிய நீ எடுத்துக்க" என்று வேலையைப் பங்கு போட்டான். ஈரல் துண்டை நிறுத்து, குழாயில் போட்டு, அமிலம் ஊற்றிக் கரைக்க வேண்டும். கூடவே ஈரலே போடாமல் வெறும் அமிலம் ஊற்றிய குழாய்களும் சில வைப்போம். வெளியிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டால் அவை காட்டிக்கொடுத்துவிடும். அந்த வெறும் குழாய்களும் என் தலையில்தான் விழுந்தன.

முடிவு வந்த அன்று தம்பி தலைகால் புரியாமல் குதித்தான். குண்டர்களின் ஈரலில் துத்தநாகம் ஒல்லிகளைப்போல இரண்டு மடங்கு!

"இந்த மாதிரி யாருமே பாத்ததில்லக்கா!"

அவன் குதித்ததில் நியாயம் இருந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டால் அவனுக்கு ஒரு நல்ல வேலை காத்திருந்தது. பஸ் ஓட்டும் அவன் மனைவி விடியற்கால ஷிஃப்டை விட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கலாம். மகள் பிறந்ததிலிருந்து அவளைக் காலையில் கழுவி, துடைத்து, உடுத்தி, காப்பகத்தில் விட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வருகிறவன் இவன்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

பேராசிரியை கணக்குகளைப் பார்த்தார். "அழகா இருக்கு. ரொம்ப அழகா இருக்கு" என்றார். அவர் ஒன்றை இரண்டு தடவை அழகு என்று சொன்னால் எங்கேயோ ஓட்டையைக் கண்டுவிட்டார் என்று அர்த்தம்.

"வெறும் குழாய யாரு போட்டது?"

"நான்தான் மேடம்."

"ஒல்லி எலி?"

"அதுவும் நான்தான்."

"அப்ப குண்டு எலியத் தொட்ட கை வேற, மத்த எல்லாத்தையும் தொட்ட கை வேற. தம்பி, நீங்களும் நாளைக்குக் கொஞ்சம் வெறும் குழாய் போடுங்க. என்ன வருதுன்னு பாப்போம்."

மறுநாள் போட்டான். எலியே இல்லாத குழாயில் துத்தநாகம் எகிறிக்கொண்டு நின்றது. தம்பி நாற்காலியில் சரிந்தான்.

தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். அமிலத்தை, இடுக்கியை, தராசை என்று ஒன்றையும் விடவில்லை. கையுறை மேல் பழி போடலாம் என்றால் இருவரும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுக்கிறோம்.

"துத்தநாகம் கலந்த பவுடர், பொடுகு ஷாம்பு, ஏதாச்சும் போடறியாடா?"

"மொகம் கழுவவே நேரமில்ல. நீ வேறக்கா."

அந்த நேரம் பார்த்து காப்பகத்திலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்காம், உடனே வரச் சொன்னார்கள். அழைத்து வந்தவன் என் அலுவலக மேசையிலேயே அவளைக் கிடத்தி டயப்பரைக் கழற்றினான். பாவம், சிவந்து தடித்திருந்தது. பையிலிருந்து கிரீம் ட்யூபை எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல வழித்து வழித்துப் பூசினான். பூசிவிட்டு அவளை என்னிடம் நீட்டினான். என் கறுப்புச் சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன.

துடைத்துக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரப் பட்டையின் ஓட்டைகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

"டேய், வாட்ச்சக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா!"

டயப்பர் கிரீமுக்கு அந்த வெள்ளை துத்தநாகத்தால்தான் வருகிறது என்று தெரியாதவர்களா நாங்கள்? வேலையில் துத்தநாகத்தை அளக்கிறோம், வீட்டில் துத்தநாகத்தைப் பூசுகிறோம். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவன் பட்டையைக் கழுவவில்லை. அதைத் தொட்ட விரலால்தான் தினமும் கையுறையை இழுத்து மாட்டியிருக்கிறான்.

பட்டையை அலசிய தண்ணீரை மெஷினில் வைத்தேன். மெஷினால் எண் காட்ட முடியவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று கையை விரித்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேக்கா. என் கண்டுபிடிப்பு மொத்தமும் இவ குண்டிக் கிரீமா?" என்றான். "இனிமே காலையில இவளத் தொட மாட்டேன். இவ அம்மாவையே பாத்துக்கச் சொல்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ என்ன, பஸ்ஸ நடுரோட்டுல நிறுத்திட்டு வந்து பூசுவாளா? கையுறைய லேப்லதான் மாட்டணும்னு சட்டமா? வீட்லயும் மாட்டு!"

நல்லவேளை, ஒவ்வொரு ஈரலிலும் பாதி உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. இந்த முறை எது குண்டு, எது ஒல்லி என்று எங்களுக்கே தெரியாதபடி பேராசிரியை கலைத்துக் கொடுத்தார். வீட்டில் தம்பி நீலக் கையுறையோடு மகளுக்குக் கிரீம் பூசினான். முதல் நாள் அவள் வீறிட்டாள். பிறகு அந்த நீல விரல்களை இழுத்து இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

முடிவு வந்தது. துத்தநாகத்தில் வித்தியாசமே இல்லை. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"கீழ இருக்கற வரியப் பாருடா."

எங்கள் குண்டர்களின் ஈரலில் இரும்பு இறங்கியிருந்தது. செம்பு அதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. பழைய கணக்கைப் புரட்டினால் அங்கேயும் அப்படியே! துத்தநாகத்துக்குப் போட்ட கூத்தில் செம்பை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். இன்னொரு தடவை அவர் சொல்லவில்லை.

ஆய்வேடு ஏற்கப்பட்ட அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தாள். குழந்தை சிணுங்கியது. வழக்கப்படி கையுறைப் பெட்டியை நோக்கி நீண்ட தம்பியின் கை பாதியில் நின்றது. பெட்டியைத் தள்ளிவிட்டு, வாட்ச்சைக்கூடக் கழற்றாமல், வெறும் விரலால் கிரீமை வழித்தான்.

"நாளைக்கு லேபுக்குப் போவணும்ல?" என்று பதறினாள் அவள்.

"நாளைக்கு லீவு" என்றான்.

நீல விரலைத் தேடிய குழந்தை, அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் மணிக்கட்டு வரைக்கும் துத்தநாகம்.